முகப்பூச்சும் முகத்துடைப்பும்

உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்துவரும் சனி, ஞாயிறு ஆகிய இரண்டு இரவுகளில் நம் பங்கில் பாஸ்கா நாடகம் நடைபெறுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். சென்ற ஆண்டில் முதல் இரவின் நாடகம் முடிந்து கிழக்கு வெளுக்கத் தொடங்கிய வேளையில், நடிகர்களுக்கு நன்றி கூறும் எண்ணத்தோடு நாம் ஒப்பனைக் கொட்டகைக்குள் சென்றோம். ஒரு மூலையில், ஏரோது மன்னனாக நடித்த முதிய அண்ணாவியார் சம்மணமிட்டு அமர்ந்து, கொட்டாங்கச்சியில் இருந்த தேங்காய் எண்ணெயை இரு கைகளாலும் முகத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். மற்றொரு மூலையில், எருசலேம் மகளிராக நடித்த நம் இளம் பெண்கள் மணம் கமழும் ஈரத்துணிகளை உறையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டிருந்தனர்.

"அண்ணாவியாரே, நீங்களும் அதில் ஒன்றை வாங்கித் துடைக்கலாமே?" என்றோம்.

"எண்ணெயிலே குழைச்சுப் பூசினதை எண்ணெயாலதான் சாமி எடுக்கணும். தண்ணிக்கு அது மசியாது" என்றார் அவர். பழைய வேட்டித் துண்டால் ஒருமுறை வழித்தார். ஏரோது மறைந்து, நாம் நாள்தோறும் காணும் முகம் வெளிப்பட்டது.

அன்று காலைத் திருப்பலியில் நற்கருணை வழங்கும்போது, அப்பெண்களில் இருவருடைய கன்னங்கள் சிவந்து தடித்திருக்கக் கண்டோம். நாடகத்தின் இரண்டாம் இரவில் அவர்கள் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டே மேடை ஏறினர். இந்தப் புட்டிகளிலும் உறைகளிலும் அடங்கியிருப்பதுதான் என்ன என்ற கேள்வி அன்று நம் உள்ளத்தில் எழுந்தது. அக்கேள்வி நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் கூறுவோம்.

மேசைமேல் பதினேழு பொருட்கள்

அடுத்த ஞாயிறன்று, வீட்டில் முகத்திற்குப் பயன்படுத்தும் பொருட்கள் அனைத்தையும் பங்கு இல்லத்திற்குக் கொண்டுவருமாறு இளம் பெண்களைக் கேட்டுக்கொண்டோம். பதினேழு பொருட்கள் வந்து சேர்ந்தன. நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்து அமர்ந்தார். புட்டிகளின் முன்புறத்தை அவர் பார்க்கவே இல்லை. "முன்பக்கம் விளம்பரக்காரர் எழுதினது, ஃபாதர். பின்பக்கம்தான் சட்டம் எழுதச் சொன்னது" என்று கூறி, ஒவ்வொன்றையும் திருப்பிவைத்தார்.

நம் நாட்டில் அழகுசாதனப் பொருட்களுக்கெனத் தனி விதிகள் 2020ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, ஒரு பொருளில் சேர்ந்துள்ள சரக்குகளை எல்லாம் உறையின்மேல் அச்சிட வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றை, மிகுதியானது முதலில் வருமாறு இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஒரு பங்கும் அதற்குக் குறைந்தும் உள்ளவற்றை அதன்பின் எவ்வரிசையிலும் எழுதலாம். இந்த ஒரு விதியை அறிந்தவருக்குப் புட்டியின் பின்புறம் திறந்த புத்தகமாகிவிடும்.

இதற்கு ஆசிரியை ஓர் எளிய வழி காட்டினார். பீனாக்ஸி எத்தனால் என்பது பொருள் கெடாமல் காக்கும் ஒரு காப்புச்சரக்கு. முகப்பூச்சுகள் பலவற்றில் அது இருக்கும். வழக்கமாக நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் அதைச் சேர்ப்பதில்லை. எனவே வரிசையில் அதற்குப் பின்னே வரும் எச்சரக்கும் ஒரு பங்குக்கு மேற்பட்டிருக்க முடியாது. மேசைமேல் இருந்த ஒரு விலை உயர்ந்த களிம்பின் முன்புறத்தில் குங்குமப்பூவின் படம் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. பின்புறத்திலோ, குங்குமப்பூவின் பெயர் பீனாக்ஸி எத்தனாலுக்கும் பின்னே, கடைசி வரியில் ஒதுங்கிக் கிடந்தது. முதல் இடத்தில் இருந்தது தண்ணீர்!

தங்குவதும் நீங்குவதும்

பதினேழையும் படித்து முடித்தபோது நமக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. முகத்தில் பூசும் களிம்புகளும், முகப்பூச்சைக் களையும் நீர்மங்களும் வெவ்வேறு சரக்குகளால் ஆனவை என்றே நாம் எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று. பெரும்பாலானவற்றில் தண்ணீர், எண்ணெய், மெழுகு, கிளிசரின், எண்ணெயையும் நீரையும் இணைக்கும் சரக்கு, காப்புச்சரக்கு, நறுமணம் ஆகிய இவையே மாறி மாறி வந்தன. ஒன்று தோலில் தங்குவதற்காகச் செய்யப்பட்டது. மற்றொன்று தோலைவிட்டு நீங்குவதற்காகச் செய்யப்பட்டது. இரண்டுக்கும் உள்ள தலையாய வேறுபாடு இதுவே.

முதலில் தங்குவதைப் பார்ப்போம். தோலை மென்மையாக்கும் களிம்பு எதுவாயினும் அது செய்யும் பணிகள் மூன்றே. கிளிசரின் போன்றவை நீரை ஈர்த்துத் தோலில் நிறுத்துகின்றன. தாவர எண்ணெய்களும் கொழுப்பு வகைகளும் தோலின் சொரசொரப்பை நிரவுகின்றன. மெழுகும் பெட்ரோலியக் களிம்பும் மேலே மூடிபோல் நின்று, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகாமல் தடுக்கின்றன. அமெரிக்க நாட்டில் செஸ்பிரோ என்பவர் 1872ஆம் ஆண்டில் வாசலின் என்னும் பெட்ரோலியக் களிம்புக்குக் காப்புரிமை பெற்றார். நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும், வறண்ட தோலுக்கு அதைப்போல் மலிவும் பயனும் ஒருங்கே உடைய பொருட்கள் மிகச் சிலவே. ஐம்பது ரூபாய்க் களிம்பும் ஆயிரம் ரூபாய்க் களிம்பும் இம்மூன்று பணிகளையே செய்கின்றன. விலையின் பெரும்பகுதி மணத்திற்கும், புட்டிக்கும், விளம்பரத்திற்கும் போகிறது.

இனி நீங்குவதைப் பார்ப்போம். முகப்பூச்சைக் களையும் முறைகளில் மிகப் பழையது எண்ணெய். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க மருத்துவர், தேன்மெழுகையும் ஒலிவ எண்ணெயையும் உருக்கி, பன்னீரைச் சேர்த்து அடித்துக் களிம்பாக்கினார் என்பர். அதிலுள்ள நீர் ஆவியாகும்போது தோல் குளிர்வதால் அதற்குக் குளிர் களிம்பு என்று பெயர் வந்தது. பிற்காலத்தார் வெண்காரம் சேர்த்து, நீரும் எண்ணெயும் பிரியாமல் நிலைக்கச் செய்தனர். மேனாட்டு நாடக மேடைகளில் நெடுங்காலம் ஒப்பனையைக் களைந்தது இக்களிம்பே. நம் அண்ணாவியாரின் கொட்டாங்கச்சியும் கேலனின் கிண்ணமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று கூறினால் மிகையாகாது. எண்ணெயில் கரைவதை எண்ணெயே கரைக்கும். நீரில் அழியாத கண்மையும் உதட்டுச்சாயமும் மெழுகாலும் சிலிக்கோனாலும் ஆனவை. ஆகவே அவற்றை வெறும் நீரால் களைய இயலாது.

இப்போது பெண்கள் பலர் விரும்பும் மைசெல்லார் நீர், பார்வைக்குத் தெளிந்த தண்ணீரே. ஆயினும் அதில் மிக மெல்லிய சோப்புத்தன்மையுள்ள சரக்கு கலந்துள்ளது. அதன் ஒவ்வோர் அணுத்திரளுக்கும் தலை நீரை விரும்பும். வால் எண்ணெயை விரும்பும். நூற்றுக்கணக்கில் அவை கூடி, தலைகள் வெளியேயும் வால்கள் உள்ளேயுமாகச் சிறு உருண்டைகளாய் மிதக்கின்றன. பஞ்சில் நனைத்துத் துடைக்கும்போது, முகத்திலுள்ள எண்ணெய்ப் பசையை அவ்வால்கள் பற்றிக்கொள்கின்றன. கழுவத் தேவையில்லை என்று புட்டியில் எழுதியிருந்தாலும், அச்சரக்கின் எச்சம் முகத்தில் தங்கிவிடுகிறது. மென்மையான தோல் உடையவர்கள் நீரால் கழுவிவிடுவதே நன்று.

குளியல் சோப்பைக் கொண்டே ஒப்பனையைக் களைவோரும் உண்டு. கொழுப்பும் காரமும் சேர்ந்ததே சோப்பு. அதன் கார நிலை ஒன்பது, பத்து என்ற அளவில் உள்ளது. நம் தோலோ சற்றே புளிப்புத்தன்மை உடையது. அதன் அளவு ஏறத்தாழ ஐந்து. அடிக்கடி சோப்பிட்டுத் தேய்த்தால் தோலின் இயற்கைக் காப்பு கெட்டு, முகம் இழுத்துப் பிடித்தாற்போல் வறளும். சோப்பு வாங்குவோர் உறையில் டி.எஃப்.எம். என்று குறித்துள்ள மொத்தக் கொழுப்பின் அளவைப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு 76க்குக் குறையாதது முதல் தரம்; 70க்குக் குறையாதது இரண்டாம் தரம்; 60க்குக் குறையாதது மூன்றாம் தரம்.

நிற்க. நம் பெண்கள் இருவருடைய முகத்தைச் சிவக்கவைத்த ஈரத்துணிக்கு வருவோம். உறைக்குள் எந்நேரமும் ஈரமாகவே இருக்கும் துணி பூசணம் பிடிக்காமல் இருக்க வேண்டுமானால், அதில் வலிய காப்புச்சரக்கு இருந்தே ஆக வேண்டும். அவ்வுறையின் பின்புறத்தில், மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற நீண்ட பெயரை ஆசிரியை சுட்டிக்காட்டினார். பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குவது அது. தோலில் தங்கும் பொருட்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடைவிதித்திருக்கிறது. கழுவிவிடும் பொருட்களில் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேற்படாமல் சேர்க்க மட்டுமே அங்கு இசைவு உண்டு. ஈரத்துணியால் துடைத்துவிட்டு முகத்தைக் கழுவாமல் விட்டால், நீங்க வேண்டியது தங்கிவிடுகிறது அன்றோ? அதனோடு செயற்கை மணமும், அழுந்தத் தேய்த்த தேய்ப்பும் சேர்ந்துகொண்டன. இருவரில் ஒருத்திக்கு, ஈரத்துணியை நிறுத்திய ஒரு வாரத்திற்குள் முகம் பழையபடி தெளிந்தது. மற்றவளுக்குத் தெளியவில்லை.

இயற்கை என்னும் சொல்

இவ்விடத்தில் நம் இல்லத்தரசிகள் சிலர், "பாட்டி காலத்துப் பயற்றமாவும் மஞ்சளும் இருக்க, இந்த வம்பெல்லாம் எதற்கு?" என்று கேட்கக்கூடும். பயற்றமாவு நல்லதே, எண்ணெய்ப் பசையை உறிஞ்சி மெல்ல நீக்கும். தேங்காய் எண்ணெயும் நல்லதே. ஆனால் முகப்பரு உள்ளவர்களுக்கு அது பருவை மிகுவிக்கக்கூடும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்து கருக்கும். வாசனை எண்ணெய்கள் பல, இயற்கையானவையே ஆயினும், ஒவ்வாமையைத் தரும்.

இயற்கை என்பதனாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது என்பதற்கு நம் தமிழே சான்று. ஒப்பனை செய்துகொள்வதை 'அரிதாரம் பூசுதல்' என்கிறோம். அரிதாரம் என்பது மண்ணிலிருந்து கிடைக்கும் மஞ்சள் நிறக் கனிமம். ஆர்சனிக் என்னும் நஞ்சும் கந்தகமும் சேர்ந்தது. சிவப்புக்குப் பயன்பட்ட சாதிலிங்கமோ பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. பண்டைக் கூத்தர் இவற்றைக் குழைத்து முகத்தில் பூசி, விடிந்ததும் எண்ணெயிட்டுக் களைந்தனர். நஞ்சு என்று அறிந்தோ அறியாமலோ, ஓர் இரவுக்கு மேல் அதை முகத்தில் தங்கவிடாத விவேகம் அவர்களிடம் இருந்தது. நம் காலத்தில் அதே பாதரசத்தைச் சிலர் இரவு பகலாக முகத்தில் தங்கவைக்கிறார்கள்.

மேசைக்கு வராத டப்பா

முகம் தெளியாத அப்பெண்ணைப் பற்றி, அவளுடைய இசைவோடும் அவள் பெற்றோரின் இசைவோடும் இதை எழுதுகிறோம். சூன் திங்களில் அவளுடைய தாய் நம்மைக் காண வந்தார். மகளின் திருமண ஓலையை முதல் ஞாயிறு வாசித்திருந்தோம்; இன்னும் இரண்டு ஓலைகள் இருந்தன. "சாமி, ஓலை வாசிக்கிறதைக் கொஞ்சம் தள்ளிவைக்கணும்" என்று கூறி, அழத் தொடங்கினார். மகளின் பாதங்கள் வீங்கியிருந்தன. காலையில் கண்ணிமைகளும் வீங்கின. சிறுநீர் நுரைத்துப் போயிற்று. சோதித்துப் பார்த்ததில், உடலிலுள்ள புரதம் சிறுநீரில் வெளியேறிக்கொண்டிருப்பது தெரிந்தது. இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்குச் சிறுநீரக நோய்!

சிறுநீரக மருத்துவர் அவளிடம் கேட்ட கேள்விகளுள் ஒன்று, "முகத்துக்கு என்னம்மா போடுறே?" என்பது. அவள் தயங்கித் தயங்கிக் கைப்பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தாள். நம் மேசைக்கு வராமல் வீட்டிலேயே தங்கிவிட்ட பதினெட்டாம் பொருள் அது. தயாரித்தவர் பெயர் இல்லை. உரிம எண் இல்லை. சரக்குகளின் வரிசை இல்லை. ஏழு நாட்களில் சிவந்த நிறம் என்று மட்டும் எழுதியிருந்தது. சனவரித் திங்களிலிருந்து இரவுதோறும் அதைப் பூசிவந்திருந்தாள்.

பாதரசம், தோலில் நிறமியை உண்டாக்கும் செயலைத் தடுக்கிறது. அதனால் நிறம் விரைவில் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. ஆவியாகி அதே அறையில் உறங்கும் குழந்தையையும் சென்று சேரும். கேரளத்தின் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயால் வந்த 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் நெல்-1 என்னும் புரதத்தோடு தொடர்புடைய நோய்க்குறி காணப்பட்டது. அந்தப் 15 பேருள் 13 பேர் நிறம் வெளுக்கும் களிம்புகளைப் பூசிவந்தவர்கள்!

சட்டம் உறங்கிக்கொண்டிருக்கவில்லை. நம் நாட்டு விதிகளின்படி முகப்பூச்சில் பாதரசத்தைச் சேர்த்தல் ஆகாது; தற்செயலாகக் கலந்திருப்பினும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கண் பகுதிக்கான பொருட்களுக்கு மட்டும் வேறு அளவு உண்டு. பாதரசத்தின் தீங்கைத் தடுக்க 2013ஆம் ஆண்டில் உருவான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018ஆம் ஆண்டில் ஏற்றது. எனினும் சட்டத்திற்குத் தெரியாமல், பெயரும் முகவரியும் இல்லாமல், கைக்குக் கை மாறிவரும் டப்பாவைச் சட்டம் எங்ஙனம் பிடிக்கும்? அதை வாங்கும் கைதான் தன்னைத் தடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. சொறி, படை முதலியவற்றுக்கு மருத்துவர் சில நாட்களுக்கு எழுதித்தரும் ஸ்டீராய்டு களிம்புகளை, நிறம் வெளுக்கிறது என்பதற்காகத் திங்கள் கணக்கில் பூசுகின்றனர். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மோமெட்டசோன் என்பன அவற்றின் பெயர்களுள் சில. முதலில் முகம் பளபளக்கும். பின்னர்த் தோல் மெலிந்து நரம்பு தெரியும். பருவும் மயிரும் தோன்றும். வெயில் பட்டால் எரியும். நிறுத்தினாலோ முன்னிலும் மோசமாகச் சிவக்கும். இதனால் 2018ஆம் ஆண்டில் இவ்வகைக் களிம்புகள் 14ஐ மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று மைய அரசு ஆணையிட்டது. இவற்றைப் பூசிப் பழகியவர்கள் தாமாகவே திடீரென நிறுத்தாமல், தோல் மருத்துவரைக் கண்டு படிப்படியாக விடுவதே முறை.

நாம் ஏற்க வேண்டிய பங்கு

இத்தோடு கட்டுரையை முடித்துவிட்டால், குற்றம் முழுவதும் ஒரு டப்பாவுக்கே உரியது என்றாகிவிடும். அந்தப் பெண் ஏன் சனவரியில் அதைப் பூசத் தொடங்கினாள்?

சனவரித் திங்களில் பாஸ்கா நாடகக் குழு பங்கு இல்லத்தில் கூடியது. தேவ அன்னையின் வேடத்தை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு எழுந்தது. நம் பாடற்குழுவில் அவளைப்போல் பாடுவார் இலர். சிலுவையடியில் அன்னை பாடும் புலம்பலை அவள் ஒத்திகையில் பாடியபோது, உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாம் கண்டோம். ஆயினும் குழுவில் ஒருவர், "மாதா கொஞ்சம் சிவப்பா இருந்தாத்தான் மேடைக்கு எடுப்பா இருக்கும்" என்றார். சிலர் சிரித்தனர். தலைமை இருக்கையில் இருந்த நாம் ஒன்றும் கூறவில்லை. வேறொரு பெண்ணின் பெயரை நம் கையாலேயே ஏட்டில் எழுதினோம். கதவருகே நின்ற அவள் அதைக் கேட்டாள் என்பதை, மருத்துவமனையில் அவளைச் சந்தித்தபோதுதான் அறிந்தோம். அவள் அதைக் குறையாகக் கூறவில்லை. "அடுத்த வருசமாவது குடுப்பீங்கன்னு நெனச்சேன், ஃபாதர்" என்றாள். நமக்கு விடை கூற வாய் எழவில்லை.

முப்பது ஆண்டுகளாக மறையுரை ஆற்றிவருகிறோம். இனிமைமிகு பாடல் என்னும் திருநூலின் தொடக்கத்தில், மணமகள் தன் கறுத்த நிறத்தை ஒளிக்காமல் பேசுகிறாள். உடன்பிறந்தோர் தன்னைத் திராட்சைத் தோட்டக் காவலுக்கு அனுப்பியதால் வெயில் தன்னைக் கறுக்கச் செய்தது என்கிறாள். தன் அழகையும் அவள் ஐயுறவில்லை. இப்பகுதியை நாம் எத்தனை முறை படித்திருப்போம்! நாசரேத்தின் வெயிலில் நீர் சுமந்த எளிய தாய், நம் மேடைக்கு வேண்டிய நிறத்தில் இருந்திருப்பாள் என்று நமக்கு யார் சொன்னது? மெக்சிகோ நாட்டின் குவாதலூப்பே அன்னையின் திருவுருவம் மாநிறம். போலந்து நாட்டின் செஸ்டகோவா அன்னையின் திருவுருவம் கருநிறம். அந்நாட்டு மக்கள் அவற்றின் முன் முழந்தாளிடத் தயங்குவதில்லை. நம் பங்குப் பேரவைக்கு மட்டும் நிறம் ஒரு தடையாயிற்று.

பெண் பார்க்கச் செல்லும் வீடுகளில் பேசப்படும் பேச்சையும் நாம் அறிவோம். பிறந்த குழந்தையை ஏந்திய பாட்டிமார் முதலில் பார்ப்பது காதோரத்து நிறத்தை. திருமண விளம்பரங்களில் கல்விக்கும் குணத்துக்கும் முன்னே நிறம் வந்து நிற்கிறது. 1975ஆம் ஆண்டில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த புகழ்பெற்ற ஒரு களிம்பு, 2020ஆம் ஆண்டில் தன் பெயரிலிருந்து வெண்மை என்னும் சொல்லையே நீக்கிவிட்டது. நிறுவனங்களே சொல்லை மாற்றும்போது, நம் குடும்பங்கள் எண்ணத்தை மாற்றலாகாதா? கருநிறம் குறையன்று, மெலனின் என்னும் அந்நிறமி, வெயிலின் கடுங்கதிரிலிருந்து தோலைக் காக்க இறைவன் அளித்த குடை.

அதற்காக ஒப்பனையே பாவம் என்று நாம் கூறவரவில்லை. துன்பமெல்லாம் தீர்ந்த பின் யோபுவுக்குப் பிறந்த மூன்றாம் மகளின் பெயருக்கு மைச்சிமிழ் என்பது பொருள். நோன்பிருக்கும்போதும் தலைக்கு எண்ணெய் தடவி முகத்தைக் கழுவிக்கொள்ளுமாறு ஆண்டவர் தம் மலைப்பொழிவில் கற்பித்தார். விழா நாளில் பூச்சூடி மையிட்டு வரும் மகளைக் கண்டு கோயில் மகிழவே செய்யும். தன் முகத்தை அணிசெய்வது ஒன்று. தன் முகத்தை வெறுப்பது மற்றொன்று.

இல்லத்தில் கைக்கொள்ள வேண்டியவை

குடும்பத்தலைவியர் நினைவில் வைக்கத்தக்க சிலவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

1. தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், பயன்படுத்தத்தக்க காலம், சரக்குகளின் வரிசை ஆகியவை இல்லாத எதையும் முகத்தில் பூச வேண்டாம். அயல்நாட்டுப் பொருளாயின் இறக்குமதி செய்தவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

2. சரக்குகளின் வரிசையில் மெர்க்குரி, மெர்க்குரிக், கலோமெல் என்ற சொற்கள் இருந்தாலோ, வெள்ளி, பொன் நகைகளில் படக்கூடாது என்று எச்சரித்திருந்தாலோ அதில் பாதரசம் இருப்பதாகக் கொள்க.

3. சில நாட்களில் நிறத்தை மாற்றுவேன் என்னும் எப்பொருளையும் ஐயுறுக.

4. புதிய பொருள் எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, சில நாட்கள் பார்த்த பின்னரே முகத்தில் பூசுக.

5. ஒப்பனையை உறங்கும் முன் களைக. நீரில் அழியாததற்கு எண்ணெய் அல்லது குளிர் களிம்பு. மற்றவற்றுக்கு மென்மையான கழுவுநீர்மம். எதனால் துடைத்தாலும் இறுதியில் நல்ல நீரால் கழுவுக. தேய்க்க வேண்டாம், ஒற்றி எடுக்கவும்.

6. கால் வீக்கம், காலையில் கண்ணிமை வீக்கம், நுரைக்கும் சிறுநீர் ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்க. முகத்தில் பூசுவதையும், உண்ணும் நாட்டு மருந்தையும் மறைக்காமல் கூறுக. அந்த டப்பாவையும் உடன் எடுத்துச்செல்க.

முடிவாக

அப்பெண் களிம்பை அன்றே நிறுத்தினாள். மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் தொடர்ந்தன. எட்டுத் திங்களில் சிறுநீரில் புரதம் போவது நின்றது. இன்னும் சில காலம் சோதனைக்கு வரவேண்டும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். அவளை மணக்க இருந்த இளைஞர் இடையில் பின்வாங்கவில்லை. "என்னைப் பார்த்துச் சம்மதம் சொன்னப்ப அந்த டப்பா எதுக்குன்னு எனக்கே தெரியாது, சாமி" என்று நம்மிடம் வருந்தினார். எஞ்சிய இரண்டு ஓலைகளையும் இவ்வாண்டு வாசித்தோம். முகத்தில் மஞ்சளும் கண்ணில் மையும் மட்டும் அணிந்து அவள் பீடத்தின் முன் நின்றாள்.

சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில், இரத்தமும் தூசியும் படிந்த ஆண்டவரின் முகத்தைத் துடைத்த வெரோணிக்காவை நினைவுகூர்கிறோம். அம்முகம் தனக்கு ஏற்றதா என்று அவள் ஆராயவில்லை. துடைத்தாள், உண்மையான முகம் அவளுக்குக் கிடைத்தது. நம் வீடுகளில் உள்ள பிள்ளைகளின் முகத்தின்மேல் நாம் வீசிய சொற்களும் படிந்தே கிடக்கின்றன. அவற்றை எந்த எண்ணெயும் களையாது. சொன்னவர்களே களைய வேண்டும்.

வரும் பாஸ்கா நாடகத்திற்கான குழு அடுத்த திங்கள் கூடுகிறது. குரலையும் பக்தியையும் நடிப்பையும் மட்டுமே கருதி வேடங்களை வழங்குவது என்று முன்கூட்டியே ஏட்டில் எழுதி, நாம் கையொப்பமிட்டிருக்கிறோம். தேவ அன்னையின் புலம்பலைப் பாட அவள் விரும்புவாளா என்பதை இனி அவளே கூற வேண்டும். ஒப்பனைக் கொட்டகைக்கு வேண்டிய தேங்காய் எண்ணெயைத் தாம் தருவதாக அண்ணாவியார் வாக்களித்திருக்கிறார்.